ஹார்மோனிக் ஃபில்டர்: சீரிசை வடிகட்டியா, சீரிசை வடிகாலா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலை. புளோயருக்கும் எலிவேட்டர் மோட்டார்களுக்கும் புதிதாக டிரைவ் போட்டிருந்தார்கள். மோட்டார் வேகத்தைத் தேவைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம், மின்கட்டணமும் குறையும். குறைந்தது. ஆனால் நாலே மாதத்தில் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) பேனலில் இருந்த உருளைகள் ஒவ்வொன்றாக உப்பத் தொடங்கின. டிரான்ஸ்பார்மரின் உறுமலும் மாறிவிட்டது. பார்க்கப் போன நான், "ஹார்மோனிக் ஃபில்டர் ஒன்று போட வேண்டியிருக்கும் அண்ணே" என்றேன்.

ஆலைக்காரர் கேட்டார்: "தம்பி, காபி ஃபில்டர்ல சக்கை மேல நின்னுடுது, டிக்காஷன் கீழ இறங்குது. உங்க ஃபில்டர்ல சக்கை எங்க நிக்கும்? அதை யாரு, எப்ப அள்ளி வெளியே போடுறது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. இருபது வருடமாக அந்தச் சொல்லைப் புழங்குகிறேன், ஒரு நாளும் அப்படி யோசித்ததில்லை. கேள்வி மின்சாரத்தைப் பற்றியது என்பதைவிடச் சொல்லைப் பற்றியது என்று வீடு திரும்பும் வழியில்தான் புரிந்தது. அதனால் இரண்டு சொற்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில் ஹார்மோனிக். இதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'ஹார்மோஸ்' என்றால் மூட்டு. தச்சர் இரண்டு பலகைகளைச் சேர்க்கும் இடம். அதிலிருந்து வந்த 'ஹார்மோனியா' முதலில் பொருத்தத்தைக் குறித்தது, பிறகு சுரங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதைக் குறித்தது. லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. 1701 வாக்கில் பிரான்சில் ஜோசப் சோவர் என்ற கணித அறிஞர், ஒரு கம்பி அதிரும்போது அடிப்படைச் சுரத்தோடு கூடவே எழும் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுகளுக்கு இந்தப் பெயரைக் கொடுத்தார். 1822இல் ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் வெப்பம் பரவுவதைப் பற்றி எழுதிய நூலில், எவ்வளவு கோணலான அலையாக இருந்தாலும் அது திரும்பத் திரும்ப வருமானால் முழு எண் மடங்குகளில் உள்ள சைன் அலைகளின் கூட்டாக அதைப் பிரித்துவிடலாம் என்று காட்டினார். மாறுமின்சாரம் வந்த பிறகு, 1890களில், மின் பொறியாளர்கள் இசைக்காரர்களின் சொல்லையும் ஃபூரியேயின் கணக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

நம் பள்ளிப் பாடநூல்கள் இதைச் 'சீரிசை' என்கின்றன. 'தனிச்சீரிசை இயக்கம்' என்று பதினொன்றாம் வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். படிக்கும் காலத்தில் எனக்கு அது வெறும் மொழிபெயர்ப்பாகத்தான் பட்டது. இப்போது பார்க்கையில், இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது என்று தோன்றுகிறது. தமிழில் 'இசை' என்பதற்குப் பாட்டு மட்டும் பொருளல்ல. இசைதல் என்றால் பொருந்துதல், இணங்குதல். இசைத்தல் என்றால் சேர்த்தல், கட்டுதல். 'இசைவு' என்று அலுவலகக் கடிதங்களில் இன்றும் எழுதுகிறோம். கிரேக்கத் தச்சரின் மூட்டிலிருந்து பாட்டுக்குப் போன அதே வழியில், தமிழ்ச் சொல்லும் தனியாக நடந்து போயிருக்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று வந்ததல்ல; இரண்டு மொழிக்காரர்களும் ஒரே விஷயத்தைக் காதால் கேட்டிருக்கிறார்கள்.

காதால் கேட்பது என்றால் தஞ்சாவூர்த் தம்புராவைத்தான் சொல்ல வேண்டும். பலா மரக் குடம், நான்கு கம்பி. ச, ப என்று இரண்டு சுரத்துக்கு மட்டுமே சுருதி சேர்க்கிறோம். ஆனால் நன்றாகச் சேர்ந்த தம்புராவை மீட்டிவிட்டு அமைதியாக இருந்தால், யாரும் சேர்க்காத அந்தர காந்தாரம் மெல்ல எழுந்து வரும். சுயம்பு காந்தாரம் என்று வித்வான்கள் சொல்வது அதைத்தான். அது மந்தர ஷட்ஜக் கம்பியின் ஐந்தாம் சீரிசை. கம்பி விநாடிக்கு 100 முறை அதிர்ந்தால், அதற்குள்ளேயே 500 முறை அதிரும் ஒரு மெல்லிய அசைவும் இருக்கிறது. காந்தாரமாகக் கேட்பது அதுதான்.

அந்த ஐந்தாவதுதான் ஆலைக்காரரின் கெப்பாசிட்டரை உப்ப வைத்ததும்.

நம் மின்சாரத்தின் அடிப்படை அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 முறை. மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) டிரைவ் ஒவ்வொன்றின் வாசலிலும், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ஆறு டையோடு கொண்ட மின்திருத்தி இருக்கும். அது அலை முழுவதும் சீராக மின்னோட்டத்தை உறிஞ்சாது. அலையின் உச்சிப் பக்கத்தில் மட்டும் அவசர அவசரமாக வாங்கும், மற்ற நேரம் வாயை மூடிக்கொள்ளும். அந்த ஓட்டத்தை வரைந்தால் ஒரு அரைச்சுற்றுக்கு இரண்டு மேடு தெரியும். ஃபூரியே சொன்னபடி பிரித்தால் 50 ஹெர்ட்ஸோடு கூட ஐந்தாவது, ஏழாவது, பதினொன்றாவது, பதின்மூன்றாவது சீரிசைகள் வரிசையாக வரும்: 250, 350, 550, 650 ஹெர்ட்ஸ். பாடநூல் கணக்கில் ஐந்தாவது அடிப்படையில் ஐந்தில் ஒரு பங்கு, ஏழாவது ஏழில் ஒரு பங்கு. முன்னால் சோக் (மின்தூண்டிச் சுருள்) இல்லாத சின்ன டிரைவ்களில் இதைவிட அதிகமாகவே இருக்கும்.

இந்த ஐந்தாவது மோட்டாருக்குள் போனால், சுழலும் திசைக்கு எதிராக இழுக்கும். டிரான்ஸ்பார்மரின் செப்புச் சுருளில் சுழல் மின்னோட்ட இழப்பு அதிர்வெண்ணின் இருமடியில் ஏறுவதால், ஒரே அளவு மின்னோட்டத்துக்கு ஐந்தாவது 25 மடங்கு அந்த வகைச் சூட்டைத் தரும். அதன் உறுமல் மாறியதற்கும் இந்தச் சீரிசைகள் ஒரு காரணம். கெப்பாசிட்டரின் கதை இன்னும் மோசம். அதிர்வெண் ஏற ஏற அதன் தடுப்பு குறையும், ஆகவே சீரிசைகள் எல்லாம் அதை நோக்கியே ஓடும். அதோடு ஒத்ததிர்வு வேறு: சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் ஏதோ ஒரு அதிர்வெண்ணில் அலை பெருகிவிடும். 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர், 5 சதவீத மின் எதிர்ப்பு என்றால் குறுக்குச்சுற்றுத் திறன் 10,000 கே.வி.ஏ. அதன் மேல் 200 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் போட்டிருந்தால், 10,000ஐ 200ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: ஒத்ததிர்வு விழும் சீரிசை எண் வரும், ஏறக்குறைய 7. அதாவது டிரான்ஸ்பார்மரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து, ஏழாம் சீரிசைக்குச் சுருதி சேர்த்த தம்புராவாகவே ஆகிவிட்டன. டிரைவ் மீட்ட வேண்டியதுதான் பாக்கி.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. பாடநூலில் 'மேற்சுரம்' என்று இன்னொரு சொல் வரும். முதல் மேற்சுரம்தான் இரண்டாம் சீரிசை. எண்ணிக்கை ஒன்று தள்ளிப் போகும். மின்துறையில் சீரிசை எண்ணையே பிடித்துக்கொள்வது நல்லது, 50ஆல் பெருக்கினால் அதிர்வெண் கையில் வந்துவிடும்.

'சீர்' என்றாலே நல்லது என்று காதில் விழுகிறதே, கெடுதல் செய்யும் ஒன்றுக்கு அந்தப் பெயரா, மாசு என்று சொல்லலாமே என்று கேட்கலாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாசு என்றால் எதை, எந்த எண்ணில் என்பது மறைந்துபோகும். ஐந்தாம் சீரிசை என்றால் 250 என்று தெரியும், அளக்கலாம், அதற்கு வழி செய்யலாம்.

இனி ஃபில்டர். இதன் மூலம் எளிமையானது, அழகானது: இடைக்கால லத்தீனில் 'ஃபில்ட்ரம்' என்றால் கம்பளி ரோமத்தைத் தட்டிப் பிசைந்து செய்த தடித்த துணி. அதில் ஊற்றித் திரவங்களைத் தெளிய வைத்தார்கள். துணியின் பெயர் வேலையின் பெயரானது. நம் 'வடிகட்டி'யிலும் துணி இருக்கிறது. பாத்திரத்தின் வாயில் கட்டி வடிப்பது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது. கலப்பே இல்லாத பொய்யை வடிகட்டின பொய் என்கிறோமே, அதுவும் இங்கிருந்துதான்.

ஆனால் 'வடி' என்ற வேருக்குத் தமிழில் இரண்டு கை உண்டு. ஒன்று, துணியில் வடிப்பது, சக்கையைப் பிடித்து நிறுத்துவது. இன்னொன்று, வேண்டாத நீரைப் போக விடுவது. சோறு வடிப்பதில் கஞ்சி வெளியே போகிறது. வயல் வடிகிறது, வெள்ளம் வடிகிறது. வடிகால், வடிவாய்க்கால். டெல்டாவில் பாசன வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ அதே அளவு வடிவாய்க்காலும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா நாற்று மூழ்கிக் கிடக்கும்போது, திருத்துறைப்பூண்டியிலும் வேதாரண்யத்திலும் இருப்பவர்கள் முதலில் கேட்பது வடிகால் தூர் வாரியிருக்கிறதா என்பதைத்தான்.

ஆலைக்காரரின் கேள்விக்கு விடை இந்த இரண்டாவது கையில் இருக்கிறது.

ஆலைகளில் அதிகம் போடப்படும் ஃபில்டர், மின்பாதையின் குறுக்கே துணி மாதிரி நிற்பதில்லை. பாதையிலிருந்து பக்கவாட்டில் கிளை பிரிந்து நிற்கிறது. ஒரு மின்தூண்டி, அதனோடு தொடராக ஒரு மின்தேக்கி, அவ்வளவுதான். குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணில் இரண்டின் மின்மறுப்பும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அந்த அதிர்வெண்ணுக்கு மட்டும் அது கிட்டத்தட்ட தடையே இல்லாத பள்ளம். டிரைவில் பிறந்த ஐந்தாம் சீரிசை, டிரான்ஸ்பார்மர் பக்கம் மேடேறிப் போகாமல் இந்தப் பள்ளத்தில் இறங்கிவிடும். அதனால் சக்கை எங்கும் நிற்பதில்லை, அள்ளிப் போடவும் ஒன்றும் இல்லை. அந்த மின்னோட்டம் டிரைவுக்கும் ஃபில்டருக்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கும். ஊர் லைனுக்குப் போகாது. அதில் கொஞ்சம் மின்தூண்டியில் சூடாகக் கரையும். 50 ஹெர்ட்ஸில் அதே பெட்டி சாதாரணக் கெப்பாசிட்டராக வேலை செய்து திறன் காரணியையும் (பவர் ஃபேக்டர்) தூக்கிக் கொடுக்கும்.

இது கொள்ளிடம் செய்யும் வேலை. வெள்ளக் காலத்தில் முக்கொம்பிலும் கல்லணையிலும் மிகை நீரைக் கொள்ளிடத்தில் இறக்கிவிடுவதால்தான் காவிரியும் வெண்ணாறும் கரை உடையாமல் ஓடுகின்றன. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்றே அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அதன் படுகை தாழ்வு, கடலுக்குச் சரிவும் அதிகம். நீர் தானாகவே அந்தப் பக்கம் சாயும். அந்தச் சாய்வு அளவு மீறிக் காவிரி வறண்டதால்தான் 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்ட வேண்டியிருந்தது. ஒப்புமை முழுவதும் பொருந்தாது, ஆறு அதிர்வெண் பார்த்துப் பிரிக்காது. ஆனால் 'எங்கே போகும்' என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் நம்மிடம் இல்லை. ஆலைக்காரரிடம் அடுத்த முறை இதைத்தான் சொன்னேன். "அப்படின்னா ஃபில்டர்னு ஏன் சொல்றீங்க, வடிகால்னு சொல்லுங்க" என்றார். நியாயம்தான்.

ஆகவே என் பரிந்துரை: பொதுப்பெயராகச் 'சீரிசை வடிகட்டி' அல்லது 'சீரிசை வடிப்பான்' இருக்கட்டும். பக்கக் கிளையாகப் போடும் வகையைச் 'சீரிசை வடிகால்' என்று எழுதுவோம். சொல்லைக் கேட்டதுமே அது எப்படி வேலை செய்கிறது என்பது டெல்டாக்காரருக்குப் புரியும்.

கடையில் 'ஏழு பெர்சென்ட் ரியாக்டர்' என்று கேட்டு வாங்குவது வடிகால் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். அந்த ரியாக்டரும் (அதுவும் மின்தூண்டிதான்) கெப்பாசிட்டரும் சேர்ந்து 189 ஹெர்ட்ஸில் சுருதி சேர்கின்றன, அதாவது ஐந்தாவதுக்கு நன்றாகக் கீழே. நோக்கம், ஒத்ததிர்வில் சிக்காமல் கெப்பாசிட்டரைக் காப்பாற்றுவது. ஐந்தாவதில் ஒரு பகுதியை அது உள்ளே இழுக்கும், மீதி லைனுக்கே போகும். சுருதி விலக்கிய கெப்பாசிட்டர் என்று இதைச் சொல்லலாம். இதைப் போடும்போது 415 வோல்ட் லைனில் கெப்பாசிட்டர் முனையில் ஏறக்குறைய 446 வோல்ட் வந்து நிற்கும். பழைய 440 வோல்ட் உருளைகளையே மாட்டினால் மறுபடியும் உப்பும். 480 அல்லது 525 வோல்ட் உருளைதான் வேண்டும்.

உண்மையான வடிகாலை 250க்குச் சற்றுக் கீழே, 235 ஹெர்ட்ஸ் அளவில் சேர்ப்பது வழக்கம். கெப்பாசிட்டருக்கு வயதாகும்போது அதன் தேக்கும் அளவு குறைந்து சுருதி மேலே ஏறும். முதலிலேயே 250இல் சேர்த்தால், நாளாக நாளாக அது 250ஐத் தாண்டிவிடும். அப்போது வடிகாலே ஒத்ததிர்வை ஐந்தாவதின் மேல் கொண்டுவந்து நிறுத்தும்.

மூன்றாவதாக ஆக்டிவ் ஃபில்டர். இது வடிகட்டியும் அல்ல, வடிகாலும் அல்ல. லைனில் ஓடும் கோணலைக் கணத்துக்குக் கணம் அளந்து, அதற்கு நேர் எதிரான மின்னோட்டத்தைத் தானே உண்டாக்கிச் செலுத்தும். இரண்டும் ஒன்றை ஒன்று அழித்து, டிரான்ஸ்பார்மர் பக்கம் தூய அலை மிஞ்சும். விலை அதிகம், ஆனால் சுமை அடிக்கடி மாறும் இடத்துக்கு இதுவே சரி. இதற்கு 'எதிர்ச்சீரிசைக் கருவி' என்பது என் சொல். இன்னும் நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

பெயர் எதுவானாலும் வரம்பு உண்டு. 11 கிலோவோல்ட் இணைப்புக்கு, ஐ.இ.இ.இ. என்ற பன்னாட்டு மின் பொறியாளர் அமைப்பின் 519 தரம் மின்னழுத்தத்தின் மொத்தக் கோணலை 5 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2007 இணைப்பு விதிகளிலும் சீரிசைக்கு அளவு உண்டு. ஒரே ஃபீடரில் ஆலையும், அதற்கப்பால் கடைமடையில் பம்புசெட்டுகளும் இருக்கும் ஊர்களில், இது ஆலைக்காரரின் கெப்பாசிட்டரோடு முடிகிற விஷயம் அல்ல. வரப்பில் நிற்கும் அந்த மோட்டாரும் அதே அலையைத்தான் குடிக்கிறது.

அந்த ஆலையில் இப்போது ஒரு பெட்டி நிற்கிறது. கதவின் மேல் பெயின்டரை வைத்து ஆலைக்காரரே எழுதச் சொல்லியிருக்கிறார்: 'சீரிசை வடிகால் – 5ஆம் எண் – 235 ஹெர்ட்ஸ்'.