சாம்பல் அழுத்தும் கூரை, காற்று தூக்கும் கூரை

1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்தது. அதே நாளில் யூன்யா என்ற புயலும் அந்தப் பக்கமாகக் கடந்தது. எரிமலைச் சாவு என்றதும் தீக்குழம்புதான் நம் கண்முன் வரும். ஆனால் அந்த வெடிப்பின்போது இறந்தவர்களில் பெரும்பாலோர் கூரைக்கு அடியில் இருந்தவர்கள். மழையில் ஊறிய சாம்பலின் பாரம் தாங்காமல் கூரை உள்ளே விழுந்தது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயலைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கோ கூரை என்றால் பறந்து போவதுதான் நினைவுக்கு வரும்.

எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் போன்றதல்ல. பொடியாக நொறுங்கிய பாறையும் கண்ணாடியும்தான் அது. காய்ந்த நிலையில் 10 செ.மீ. படிந்தாலே ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. நனைந்தால் 150 கிலோவைத் தாண்டும். இருபதுக்குப் பத்து அடி கூரை என்றால் கிட்டத்தட்ட மூன்று டன் தலைக்கு மேல் நிற்கிறது என்று பொருள். அதனால் எரிமலை ஊர்களில் சாம்பல் சில செ.மீ. ஏறும்போதே கூட்டித் தள்ளிவிடுகிறார்கள். தூசி பறக்காத அளவுக்கு லேசாகத் தண்ணீர் தெளிப்பார்கள். குழாயைத் திறந்து அடித்தால் பாரம் கூடும், கூரையோரத்தில் தண்ணீர் வழியும் தகரக் கால்வாய் சிமென்ட் பூசியதுபோல அடைத்துக்கொள்ளும். மழைநீர்த் தொட்டிக்கு இறங்கும் குழாயை முதலிலேயே கழற்றிவிட வேண்டும். என்95 முகக்கவசமும் கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் விழுந்த சாம்பலைக் கசக்கினால் விழியையே கீறும். சாம்பலுக்குத் தப்பி, கூட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொள்பவர்களும் உண்டு. ஜப்பானின் சகுராஜிமா எரிமலைக்கு எதிரே உள்ள ககோஷிமாவில் இது அன்றாட வேலை. கூட்டிய சாம்பலைக் கட்டி வைக்க நகராட்சியே மஞ்சள் பை கொடுக்கிறது.

இனி நம் கரைக்கு வருவோம். கரையைக் கடந்தபோது 'தானே'யின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கி.மீ. அந்த 140 கி.மீ. காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 95 கிலோ வருகிறது. 10 செ.மீ. சாம்பலின் எடைக்குப் பக்கத்தில்தான், ஆனால் விசை மேல்நோக்கி. கூரையின் விளிம்பில் மோதிய காற்று மேலெழும்பி விலகும்போது அங்கே உறிஞ்சல் உண்டாகிறது. நடுக்கூரையைவிட ஓரத்திலும் மூலையிலும் அது பலமாக இருக்கும். காற்றடிக்கும் பக்கத்துக் கதவு திறந்துகொண்டால் உள்ளிருந்து தள்ளும் காற்றும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு 12, 13 கிலோதான். அது நிற்பது எடையால் அல்ல, போல்ட்டால்.

புயல் எச்சரிக்கை வந்ததும் மணல் மூட்டையைத் தூக்கி மேலே வைப்பது நம் வழக்கம். 25 கிலோ மூட்டை ஒன்று இரண்டு சதுர மீட்டர் ஷீட்டைப் பிடித்து வைக்கும் என்பது வெறும் மனத்தேற்றல். மூட்டை உருண்டு விழுந்தால் அடியில் நிற்பவருக்குத்தான் ஆபத்து. பார்க்க வேண்டியது ஜே போல்ட்டை, அதாவது ஷீட்டைக் குறுக்குச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் கொக்கி போன்ற போல்ட்டை. உப்புக்காற்றில் அது ஷீட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரித்துப்போயிருக்கும். மேலே தலை பளிச்சென்று இருப்பதை நம்பக்கூடாது. ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்த்து, மெலிந்ததை மாற்ற வேண்டும். துளை ஷீட்டின் மேட்டில் இருக்கட்டும், பள்ளத்தில் இருந்தால் ஒழுகும். தார் வாஷர் இல்லாமல் இறுக்கினால் ஷீட் விரிசல் விடும். அந்த விரிசலிலிருந்துதான் காற்று பிய்க்கத் தொடங்கும். ஓரத்து வரிசையிலும் மூலைகளிலும் போல்ட் நெருக்கமாக வேண்டும். சுவருக்கு வெளியே நீளும் ஷீட்டை ஓர் அடிக்குள் நிறுத்துவது நல்லது. மேலே ஏறினால் ஷீட்டில் கால் வைக்காமல், குறுக்குச் சட்டங்களின் மேல் பலகை போட்டு அதில் நடக்க வேண்டும்.

கூரையின் சரிவு 30 டிகிரிக்குப் பக்கமாக இருந்தால் தட்டையான கூரையைவிடக் காற்றின் உறிஞ்சல் குறையும். சாம்பலும் செங்குத்தான சரிவில் அவ்வளவாகத் தங்குவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் எரிமலைக்கும் புயலுக்கும் ஒரே மருந்து.

மொட்டை மாடிக்காரர்களுக்குக் காற்றைப் பற்றிய கவலை குறைவு. ஆனால் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. 10 செ.மீ. தண்ணீரும் சதுர மீட்டருக்கு 100 கிலோதான், அதாவது காய்ந்த சாம்பலின் கணக்கு. ஆட்கள் ஏறும் மாடிக்கு இந்தியத் தர விதி வைக்கும் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. வடிகுழாய் வாயில் வேப்பிலைச் சருகு அடைத்து, கைப்பிடிச் சுவருக்குள் அரை அடி தண்ணீர் நின்றாலே அந்த எல்லை வந்துவிடும். பழைய வீட்டில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்ந்திருந்தால் அதற்கும் முன்பே. ஐப்பசி பிறக்குமுன் குழாய்வாயைத் துப்புரவாக்கி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி அது கீழே வந்து விழுகிறதா என்று பாருங்கள். மாடிக்கு ஒரே ஒரு வடிகுழாய்தான் என்றால், கைப்பிடிச் சுவரின் அடியில், மாடித் தளத்திலிருந்து இரண்டு அங்குல உயரத்தில், இன்னொரு துளை போட்டு வையுங்கள். குழாய் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் அந்தத் துளை வழியாகத் தெருவில் கொட்டும். அதைப் பார்த்தே மாடியில் அடைப்பு என்று தெரிந்துகொள்ளலாம்.