பெல்ட் போட்டா ஓட்டை அடைபடாதுங்க

வயித்துத் தசைல ஓட்டை விழுந்து குடல் பிதுங்குற ஹெர்னியாவுக்கு (குடலிறக்கம்) பெல்ட்டே போதும்னு இருந்துட்டு வர்றவங்கள்ல இந்த மாசத்துல இது நாலாவது கேஸ், அதனாலதான் எழுதுறேன்.

56 வயசு அம்மா. கர்ப்பப்பை எடுத்து 9 வருஷம், அந்தத் தையல் வழியா குடல் பிதுங்க ஆரம்பிச்சு 8 வருஷம். சேலைய தளர்த்தினா உள்ள ஒரு துணிப்பை. கடைல வாங்கின பெல்ட் எதுவும் எட்டலையாம், வெல்க்ரோவும் பிடிப்பு போயிடுச்சாம், அதனால பழைய பாவாடைய கிழிச்சு தானே தூளி மாதிரி தச்சு, ரெண்டு ஊக்கு குத்தி வயித்த தூக்கிக் கட்டிருக்காங்க. தையல் வேலை அவ்ளோ நேர்த்தி, எனக்கே பொறாமை. அவிழ்த்துப் பாத்தா அடில தோல் வெந்து புண்ணு. "ஏம்மா இத்தன நாள் வரல?"ன்னு கேட்டா, "வலியே இல்லீங்களே சார், பெல்ட் போட்டா உள்ள போயிருதுங்க".

இந்த ஒரு வார்த்தையத்தான் என்னால கேக்க முடியல. போயிடுது, சரி. கழட்டினா? திரும்ப வருதுல்ல? பெல்ட் துணி, அது கையால பொத்திப் பிடிக்கிற மாதிரி, அவ்ளோதான். சதைல விழுந்த ஓட்டை பெல்ட்டால சுருங்காது, மாத்திரையால சுருங்காது, எண்ணெய் போட்டு நீவினா சுருங்காது, வயித்துக்கு எக்சர்சைஸ் பண்ணா சிலருக்கு இன்னும் பெருசாகும். பெரியவங்களுக்கு அது தானா மூடிக்கிட்டதா நான் பாத்ததே இல்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் நாங்களே பெல்ட் குடுக்கறோமேன்னு கேப்பீங்க, அது இருமும்போது வலி தெரியாம இருக்க, வைத்தியம் இல்ல. ஆபரேஷன் தாங்காத உடம்புன்னா நாங்களே பெல்ட்டோட இருக்கச் சொல்லுவோம், ஆனா அத நாங்க பாத்து சொல்லணும், மெடிக்கல் ஷாப் தம்பி இல்ல.

2 செ.மீ. ஓட்டையா வந்திருந்தா சின்ன வேலை. 10 செ.மீ. தாண்டிட்டா அது வேற ஆபரேஷன். வருஷக்கணக்கா குடல் வெளிலயே குடியிருந்தா உள்ள இருந்த இடம் சுருங்கிடும், பக்கத்து தசையும் இழுத்துக்கிட்டு குறுகிடும், அதாவது சொந்த வீட்டுலயே பாத்தியதை போயிடும். சிடி ஸ்கேன்ல வெளிய இருக்கிற அளவு உள்ள இருக்கிற இடத்துல கால்வாசி தாண்டினாலே எங்களுக்கு வயித்தக் கலக்கும். அத அப்படியே உள்ள அமுக்கி தச்சா நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானத்த மேல தள்ளி மூச்சு முட்டும், சிறுநீரகம் அடி வாங்கும். அதனால சிலருக்கு ஒரு மாசம் முன்னாடியே இடுப்புப் பக்கத் தசைல போடாக்ஸ் ஊசி போட்டு தளர விடுறோம் (ஆமா, முகச்சுருக்கத்துக்கு போடுற அதேதான்), அப்புறம் தசை அடுக்குகள பிரிச்சு நடுவுக்குக் கொண்டு வந்து, பெரிய மெஷ் (செயற்கை வலை) வச்சு மூடுறோம். 1990ல ரமிரெஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் இந்தப் பிரிக்கிற வித்தைய எழுதலைன்னா இன்னைக்கும் பாதிப் பேர தொட்டிருக்க மாட்டோம். எல்லாம் முடிய நாலஞ்சு மணி நேரம் கூட ஆகும். "ஒரு ஓட்டைய தைக்க இவ்ளோ செலவா"ன்னு பில்லப் பாத்து சண்டை போடாதீங்க ப்ளீஸ்.

தேதி கேக்கிறதுக்கு முன்னாடி நீங்க செய்ய வேண்டியது இருக்கு. பீடி சிகரெட்ட குறைஞ்சது 4 வாரம் முன்னாடியே நிறுத்துங்க, "ஒண்ணே ஒண்ணு"ங்கிறதும் கணக்குதான். மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 8%க்குள்ள வரட்டும், இல்லைன்னா மெஷ்ல சீழ் பிடிச்சு அத எடுக்க இன்னொரு ஆபரேஷன். எடைய குறைங்க. நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், முக்கி முக்கி ஒண்ணுக்குப் போறது இதெல்லாம் முதல்ல சரி பண்ணுங்க. பழைய டிஸ்சார்ஜ் சம்மரிய தயவு செஞ்சு தூக்கிப் போடாதீங்க, உள்ள ஏற்கனவே மெஷ் இருக்கான்னு தெரியாம வயித்த திறக்கிறது எவ்ளோ கொடுமைன்னு எங்களுக்குத்தான் தெரியும்.

திடீர்னு வீக்கம் கல்லு மாதிரி ஆகி உள்ள போகாம, வலி, வாந்தி, காத்து பிரியாம இருந்தா நீவாதீங்க, அமுக்காதீங்க, சோடா குடிக்காதீங்க, ராத்திரின்னும் பாக்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க.

அந்தம்மாவுக்கு இன்னும் தேதி குடுக்கல. புண்ணு ஆறணும். மூச்ச உள்ள இழுத்து மூணு பந்த மேல ஏத்துற நுரையீரல் பயிற்சிக் கருவி குடுத்தனுப்பினேன், நேத்து போன்ல "ரெண்டு பந்து ஏறுதுங்க சார், மூணாவது தான் அசையவே மாட்டேங்குது"ன்னாங்க.