பாதர், பம் பூட்ட முதல் எனக்கு ஒரு போன் கோல் எடுங்கள்

திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றில் ஒரு அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, குடிக்க விடாமல் கோப்பையைத் திரும்ப வாங்கினார். "வேணாம் ஐயா, உப்புக் கரிக்குது. மணந்து பாருங்க, அது போதும்."

டித்வா புயலுக்கு முதல் அயலில் ஆறேழு வீடுகள் அந்த அக்காவின் கிணற்றில்தான் குடிக்க அள்ளின. 2025 நவம்பர் கடைசியில் மகாவலி பெருகி, மாவிலாற்று அணை உடைப்பெடுத்து, வெருகல் பக்கமெல்லாம் வெள்ளத்தில் கிடந்தது. வெள்ளம் வடிந்த பிறகு மூன்று கிழமைக்குள் மூன்று குழுக்கள் அந்த ஒரே கிணற்றுக்கு வந்திருக்கின்றன. மூன்றுமே கிறிஸ்தவ சபைகளிலிருந்து வந்தவை. ஒரு குழு போனது மற்றதற்குத் தெரியாது. ஒவ்வொன்றும் இரண்டு பம் பூட்டி அடி மண் தெரியும்வரை இறைத்து, குளோரின் பவுடர் கொட்டி, ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறது. இப்போது தண்ணீர் உப்பு. கீழேயிருந்து மூன்றாவது சீமெந்து வளையம் விலகி, இடுக்கால் சேறு கசிகிறது. இந்தப் பருவத்தில் இப்படி நான் பார்க்கும் நான்காவது கிணறு இது.

அந்தப் பிள்ளைகளோடு எனக்குக் கோபமில்லை. கரோல் காசை அப்படியே டீசலுக்குக் கொடுத்துவிட்டு, முழங்கால் சேற்றில் நின்று வேலை செய்தவர்கள். எங்கள் வாகனம் போக முடியாத இடத்துக்கு உழவு இயந்திரத்தில் போய், கோயில், பள்ளிவாசல் என்று பாராமல் வீடு வீடாகக் கழுவிக் கொடுத்தார்கள். நானும் ஞாயிற்றுக்கிழமை அதே வாங்கில் இருக்கிறவன்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகனாக இந்த மாவட்டத்தில் இத்தனை வருஷம் நடந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: கிணற்றை முழுக்க இறைத்தால்தான் சுத்தம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

கிணறு தொட்டியல்ல. தொட்டியை வெறுமையாக்கினால் வெறுமையாகவே இருக்கும். கிணறு என்பது நிலத்துக்குள் இருக்கும் தண்ணீரின் ஒரு வாசல். வெள்ளம் வடிந்து இரண்டு நாளில் சுற்றியுள்ள மண் முழுக்க ஊறிக் கிடக்கும். நீங்கள் உள்ளே இறைக்க இறைக்க அந்த மண்ணில் நிற்கும் அதே அழுக்குத் தண்ணீர்தான் வளைய இடுக்கால் உள்ளே வரும். மலசலகூடக் குழி பக்கத்தில் இருந்தால் அதையும் இழுத்துக்கொண்டு வரும். இன்னொன்று, உள்ளே இருக்கும் தண்ணீர்தான் வளையத்தை வெளிப்பக்க அமுக்கத்துக்கு எதிராகத் தாங்கிப் பிடிக்கிறது. அதைச் சடாரென்று எடுத்தால் வளையம் விலகும், சில இடத்தில் இடிந்தே விழும்.

கடற்கரைப் பக்கம் இதைவிட மோசம். மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி மணலில் மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கிறது. கடல்நீர் கொஞ்சம் கனம், நன்னீர் கொஞ்சம் லேசு, அதனால்தான் மிதக்கிறது. கணக்குப்படி நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழேயுள்ள உப்பு நீர் காலப்போக்கில் ஏறக்குறைய 40 அடி மேலே வரப் பார்க்கும். திரும்பத் திரும்ப இறைக்கிறவர் அழுக்கை எடுக்கவில்லை, உப்பை மேலே கூப்பிடுகிறார். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்குக் கரை முழுக்க இதைத்தான் செய்தோம். ஒரு நிறுவனம் இறைத்துவிட்டுப் போக, மறுநாள் இன்னொன்று வந்து இறைத்தது. உப்புக் குறையவில்லை. பிறகு பெய்த மழைதான் கழுவியது. இருபது வருஷத்துக்குப் பிறகும் அதே பிழையா?

ஆகவே முதலில் மிதக்கிற குப்பையை வாளியால் அள்ளுங்கள். கிணற்றடியைக் கழுவுங்கள். நீர்மட்டம் வழக்கமான அளவுக்கு இறங்கும்வரை பொறுங்கள். பிறகு, பவுடர் போட முதல், ஒரே தரம், மெதுவாக, நாங்கள் சொல்லும் ஆழம் மட்டும் இறையுங்கள்.

பம் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. பெற்றோலோ டீசலோ, எதுவானாலும். அந்தப் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இறங்கியவன் மயங்க, தூக்கப்போனவனும் மயங்குவான். கயிறு கட்டாமல் எந்தப் பிள்ளையையும் உள்ளே விடாதீர்கள், பாதர். அந்தப் பிள்ளையின் தாய்க்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பவுடர் விஷயத்தில் கைப்பிடிக் கணக்கு வேண்டாம். நாங்கள் தரும் டி.சி.எல். என்ற வெளிற்றும் பவுடரில் குளோரின் ஏறக்குறைய 30 வீதம், வெளிநாட்டு உதவியாக வரும் சில வாளிகளில் 65 வீதத்துக்கும் மேல். அதே கரண்டி, இரண்டு மடங்கு. திறந்து நாட்பட்டதென்றால் வீரியமே இராது. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தை அளந்தால் தண்ணீரின் ஆழம் தெரியும். ஒன்றரை மீற்றர் அகலக் கிணற்றில் இரண்டு மீற்றர் தண்ணீர் என்றால் சுமார் 3,500 லீற்றர். இந்த இரண்டு அளவையும் பவுடர் வாளியில் எழுதியிருப்பதையும் சொன்னால், எத்தனை கிராம் என்று போனிலேயே சொல்லிவிடுவேன். கலங்கல் தண்ணீரில் போடும் குளோரினைச் சேறே தின்றுவிடும். மணம் வருகிறது, ஆகவே குடிக்கலாம் என்று யாருக்கும் சொல்லாதீர்கள். மருந்து போட்டு, ஒரு இரவு விட்டு, இறைத்து, நாங்கள் சோதித்து ஒரு லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை குளோரின் நின்றால்தான் சரி. உப்பையோ வயலிலிருந்து வந்த பூச்சிநாசினியையோ குளோரின் எடுக்காது.

எலிக்காய்ச்சலையும் மறக்காதீர்கள். பூட்ஸ் போடாமல் வயல் சேற்றில் இறங்கும் தம்பிமாருக்கு, கிருமி உள்ளே போகக் கால் வெடிப்பே போதும். இறங்க முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வாருங்கள். கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின், யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துத் தருவார்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் தாங்களாக எடுக்கக் கூடாது. வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் வேலை செய்தேன் என்று வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

வருகிற சபைகள் எல்லாம் கிராம உத்தியோகத்தரிடம் ஒரே கொப்பியில் கிணற்றையும் திகதியையும் எழுதிவிட்டுத் தொடங்கினால் எவ்வளவோ நல்லது. கிணற்றுக் கட்டிலும் சோக்கால் திகதியை எழுதிவிடுங்கள்.

அந்த அக்காவிடம் நேற்றுத் திரும்பப் போனேன். இரண்டு நாள் மழை பெய்திருக்கிறது. உப்பு அளக்கும் மீற்றரை விட்டுப் பார்த்தேன், உப்புக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, குடிக்க இன்னும் ஆகாது. மூன்றாவதாக வந்த சபையின் தம்பிமார் இரண்டு பேர் தண்ணீர்ப் பவுசர் நிற்கும் சந்தியிலிருந்து அவருக்குக் கான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விலகிய வளையத்தை எப்போது சரிசெய்யலாம் என்று கேட்டார்கள். தண்ணீர் இன்னும் இறங்கட்டும், நானே கூப்பிடுகிறேன் என்றேன்.