திடீர் மரணமாம், தண்ட உதையாம்

2022 டிசம்பர் 18 ராத்திரி. உலகக் கோப்பை கால்பந்து ஃபைனல்ல அர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3ல நிக்குது, நான் ஃபோன்ல மேட்ச் பாத்துட்டு இருக்கேன், ஹால் டிவில ஏதோ நியூஸ் சேனல் ஓடுது. அதுல ஒருத்தர் ரூல்ஸ் சொல்றாராம்: "ஐந்து வாய்ப்புகளிலும் சமநிலை நீடித்தால் ஆட்டம் திடீர் மரணத்துக்குச் செல்லும்." சேர்ல பாதித் தூக்கத்துல இருந்த பெரியம்மா பதறி எழுந்து "யாருக்குடா? நெஞ்சு வலியா?"ன்னாங்க. அவங்க கேட்டதுல தப்பே இல்ல. அதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடிதான் யூரோ கப்புல டென்மார்க் வீரர் எரிக்சன் கிரவுண்ட்லயே இதயம் நின்னு விழுந்தாரு, நல்லவேளை பொழச்சுக்கிட்டாரு. கால்பந்து நியூஸ்ல "திடீர் மரணம்"னு காதுல விழுந்தா தமிழ் தெரிஞ்ச யாரா இருந்தாலும் எதை நெனப்பாங்க?

சடன் டெத்தை அப்படியே தமிழ்ல மாத்தி வெச்சதுதான் இது. பெனால்டி ஷூட் அவுட்ல, அதாவது மேட்ச் டிரா ஆனா ரெண்டு டீமும் மாத்தி மாத்தி கோலுக்கு உதைக்கிறதுல, அஞ்சஞ்சு உதைக்கு அப்புறமும் சமமா இருந்தா வர்ற கட்டம். அன்னிக்கு சிரிச்சுட்டு விட்டுட்டேன். ஆனா அதுக்கப்புறமும் ஒவ்வொரு பெரிய டோர்னமென்ட்லயும் இந்த மாதிரி தமிழாக்கத்தையே கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு, அதான் இந்தப் புலம்பல்.

பெனால்டிங்கறது லத்தீன்ல தண்டனைன்னு அர்த்தம் வர்ற 'போயினா'ல இருந்து வந்தது. ஷூட் அவுட், அமெரிக்காக்காரன் துப்பாக்கிச் சண்டைக்கு வெச்ச பேரு. (கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்பு இதை "அபராத துப்பாக்கிச் சூடு"ன்னு போடும், அதைக் கூட மன்னிச்சிரலாம், அதுக்கு மூளை இல்ல.) சடன் டெத், ஒரே தடவை காசு சுண்டி முடிச்சுக்கறதுக்கு இருந்த பழைய பேச்சுவழக்கு. சொல் வரலாறு அவ்ளோதான், விஷயம் இனிமேதான்.

முதல்ல "தண்ட உதை". பெனால்டி கிக்குக்கு இது சரியான பேருதான். கோலுக்கு முன்னாடி இருக்கற பாக்ஸுக்குள்ள ஒருத்தன் ஃபவுல் பண்றான், அதுக்குத் தண்டனை. வில்லியம் மெக்ரம்னு அயர்லாந்து கோல்கீப்பர் ஒருத்தர் சொன்ன ஐடியா, 1891ல சட்டமாச்சு. ஆனா நாக் அவுட் மேட்ச் டிரா ஆனா அடிக்கிறது வேற ஐட்டம். 1970ல வந்தது, அதுக்கு முன்னாடி ரீப்ளே வெப்பாங்க, இல்லன்னா காசு சுண்டுவாங்க. 1968 யூரோ செமி ஃபைனல்ல இத்தாலி சோவியத்தை ஜெயிச்சது நேப்பிள்ஸ்ல காசு சுண்டித்தான்! இங்க யாரும் ஃபவுல் பண்ணல, யாருக்கும் தண்டனை இல்ல, அப்புறம் என்ன தண்டம்? ரூல் புத்தகமே ரொம்ப வருஷமா இதை பெனால்டி கிக்னு சொல்லாம "பெனால்டி புள்ளியிலிருந்து உதைகள்"னு தனியாத்தான் பிரிச்சு வெச்சிருந்துச்சு. தவிர சென்னையில தண்டம்னா என்ன அர்த்தம்னு தெரியுமில்ல? தண்டச்சோறு, தண்டச் செலவு. உலகக் கோப்பை ஃபைனலை முடிக்கிற உதையை தண்ட உதைன்னு சொல்றீங்களே சார்.

சரி, தண்டம் வேணாம்னு ஒரு கூட்டம் "சமன்நீக்கி மோதல்"னு கொண்டு வந்துச்சு. டை பிரேக்கருக்குத் தமிழாம். எனக்கு உண்மையான கோபம் இது மேலதான், ஏன்னா இது பாக்கறதுக்கு நல்ல தமிழ் மாதிரியே இருக்கு. முதல் பாதியைப் பாருங்க, கறை நீக்கி, பூச்சி நீக்கி, சமன் நீக்கி. பாட்டில்ல ஊத்தி விக்கிற ஐட்டம் மாதிரி இல்ல? அதைக் கூட விட்ரலாம், அது சொல்ற விஷயமே தப்பு. ஷூட் அவுட் சமனை நீக்கவே நீக்காது. அந்த 2022 ஃபைனல் இன்னிக்கும் கணக்குல 3-3தான், ஷூட் அவுட்ல வந்த 4-2 தனியா பக்கத்துல நிக்கும். 1994 உலகக் கோப்பை ஃபைனல் ஷூட் அவுட்ல இத்தாலி வீரர் பாஜியோ பந்தை பாருக்கு மேல அடிச்சாரு, கப்பை பிரேசில் தூக்கிட்டுப் போச்சு, ஸ்கோர் 0-0தான். சமன் அப்படியே இருக்கும், கப் யாருக்குன்னு மட்டும் முடிவாகும். ரெண்டாவது பாதி 'மோதல்' இன்னும் மோசம். கால்பந்துல ஒருத்தனை ஒருத்தன் தொடவே வாய்ப்பில்லாத நேரம் ஒண்ணு இருக்குன்னா அது இதுதான்! மத்தவங்க எல்லாம் நடு வட்டத்துல தோள்ல கை போட்டு நிக்கிறாங்க, ஒருத்தன் மட்டும் தனியா நடந்து வர்றான், 11 மீட்டர் தள்ளி கோல்கீப்பர், நடுவுல ஒரு பந்து. மோதல்னா நமக்கு "இரு தரப்பினரிடையே மோதல், நாலு பேர் காயம்".

இதுல டைங்கற வார்த்தையே கால்பந்துக்கு ஒட்டாது, அங்க சமமா முடிஞ்சா அது டிரா. நம்ம ஊருக்கு இதைச் சொல்லித் தரணுமா, 1986ல சேப்பாக்கத்துல ஆஸ்திரேலியாவோட டெஸ்ட் டை ஆனப்பவே டை வேற டிரா வேறன்னு கத்துக்கிட்டோம். இங்கிலீஷ்காரன் நாக் அவுட் மேட்சையே டைன்னுதான் சொல்லுவான். மொழிபெயர்க்கிறவங்க மேட்ச் பாக்கறதில்ல, டிக்‌ஷனரியைத்தான் பாக்கறாங்க.

அப்போ என்னதான் சொல்றது? எனக்குப் பிடிச்சது தீர்வுதை. தீர்வு, உதை, ரெண்டும் எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு. 2007ல டர்பன்ல பாகிஸ்தானோட கிரிக்கெட் மேட்ச் டை ஆகி பவுல் அவுட் போட்டாங்களே, ஸ்டம்ப்பைப் பாத்து சும்மா எறிஞ்சு 3-0ன்னு ஜெயிச்சோம், அதே மாதிரிதான், மேட்ச் ஆடி முடியல, எறிஞ்சு தீத்தாங்க. இங்க உதைச்சுத் தீக்கறாங்க. பேச்சுல ஷூட் அவுட்னே சொல்லிட்டுப் போங்க, நானும் அப்படித்தான் சொல்றேன், ஆனா தமிழ்ல எழுதணும்னா தப்பா எழுதாதீங்க.

திடீர் மரணத்துக்கு மட்டும் புதுசா ஒண்ணும் யோசிக்கவே வேணாம், நம்ம சென்னையிலயே இருக்கு, ஒண்டிக்கு ஒண்டி. அஞ்சஞ்சு உதை முடிஞ்சும் சமமா, அந்தப் பக்கம் ஒருத்தன் வா, இந்தப் பக்கம் ஒருத்தன் வரேன், ஒருத்தன் அடிச்சு ஒருத்தன் விட்டா முடிஞ்சுது. 2021 யூரோப்பா லீக் ஃபைனல் வில்லாரியல் 11-10னு ஜெயிச்சது இப்படித்தான், கோல்கீப்பர் வரைக்கும் வந்து அடிக்க வேண்டியதாச்சு, மான்செஸ்டர் யுனைடெட் கீப்பர் டி கெயா அடிச்சதை எதிர் கீப்பர் புடிச்சுட்டாரு. ஒண்டிக்கு ஒண்டிக்கு இதைவிட என்ன உதாரணம் வேணும்? எக்ஸ்ட்ரா டைம்ல முதல் கோல் அடிச்சா ஆட்டம் ஓவர்னு ரூல் கொண்டு வந்தப்ப ஃபிஃபாவுக்கே சடன் டெத்ங்கற பேரு அபசகுனமாப் பட்டு, 1993ல கோல்டன் கோல்னு மாத்திக்கிச்சு. அவங்களே கூச்சப்பட்டு விட்ட வார்த்தையை நம்ம ஆளுங்க வார்த்தைக்கு வார்த்தை தூக்கிட்டு வந்து பெரியம்மாவை எழுப்பி விடறாங்க.

வியாசர்பாடியில ஃபுட்பால் ஆடற அக்கா பையன்கிட்ட ரெண்டையும் சொல்லிப் பாத்தேன். ஒண்டிக்கு ஒண்டி சூப்பர் மாமான்னான். தீர்வுதைன்னா "ஸ்டேஷன்ல குடுப்பாங்களே, அதுவா மாமா"ன்னு கேக்கறான்.