ஆலோசனை அறையில் நிறத்தைப் பேசலாமா?

"நிறம் பார்க்காமல் மனிதரைப் பாருங்கள்" என்று மனநல ஆலோசகர்களுக்குச் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் நிறத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லையே.

நான் லண்டனில் ஆலோசகர். இங்கிலாந்தில் மனநலச் சட்டத்தின்கீழ் கட்டாயமாக மருத்துவமனையில் சேர்க்கப்படும் விகிதம், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் மூன்று மடங்குக்கும் அதிகம். 1998இல் நாரிச் நகர மனநல விடுதி ஒன்றில், ஊழியர்கள் தரையில் அழுத்திப் பிடித்திருந்தபோது டேவிட் பென்னட் என்ற கறுப்பினத்தவர் இறந்துபோனார். மனநல அமைப்புக்குள்ளேயே இனவெறி ஊறியிருப்பதாக விசாரணை அறிக்கை சொன்னது. கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்களுக்கு இதெல்லாம் தெரியும். அப்படி ஒரு வீட்டிலிருந்து வருகிறவர் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால், கோப்பில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் அந்த ஒற்றை வார்த்தை பெரும்பாலும் முன்ஜாக்கிரதைதான்.

அதனால் பேச்சை நானே எடுத்துவிடுவேன்: "நான் உங்கள் இனத்தவள் இல்லை. சில விஷயங்கள் எனக்குப் பிடிபடாமல் போகலாம். இது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" சிலர் தோளைக் குலுக்குவார்கள். சரி, அதுவும் பதில்தான். வேலையிடத்து அவமானங்களைப் பற்றி ஏழெட்டு வாரம் கழித்துச் சொன்னவர்களும் உண்டு. "நாமும் மாநிறம்தானே, நாம் எங்கே பாகுபாடு காட்டப்போகிறோம்" என்று தெற்காசிய ஆலோசகர்கள் நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கறுப்பர்களைப் பற்றி நம் வீடுகளில் என்ன பேசுவார்கள் என்று நமக்குத் தெரியாதா?

ஒரே இனம் என்றால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்ததும் "நீங்கள் எவடம்?" என்று கேட்பார்கள். ஊர் தெரிந்தால் குடும்பமும் சாதியும் தெரிந்துவிடும், பேசியது வெளியே போய்விடுமோ என்கிற பயம். நான் தமிழ்நாடு என்றதும் சிலருக்கு முகம் தெளியும். அதே பதிலைக் கேட்டு, "போரைப் பற்றி உங்களுக்கு என்ன விளங்கும்" என்று மூடிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே அரசு மருத்துவச் சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கலாம், கட்டணம் இல்லை. பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்து வராதீர்கள். அவர்கள் முன்னால் சொல்ல முடியாததைத்தானே சொல்ல வருகிறீர்கள். ஆலோசகர் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேளுங்கள். அதற்காக நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.