பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர்

போன கார்த்திகையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு திருவான்மியூரிலிருந்து நங்கநல்லூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு ஒன்பதரை இருக்கும். அப்பாதான் ஓட்டினார். அவருக்கு 71 வயது, நாற்பது வருடமாக ஸ்டீயரிங் பிடிக்கிற கை. மழை விட்டிருந்தது, சாலை முழுக்க ஈரம். வேளச்சேரி தாண்டும்போது எதிரே வந்த ஒரு வண்டி ஹை பீமை இறக்காமலே கடந்துபோனது. அடுத்த சில நொடிகளில் எங்களுக்கு முன்னால் ஒரு தகரத் தடுப்பு.

"அப்பா, லெஃப்ட்ல பாருங்க!" என்று நான் கத்தியதும் பிரேக் அடித்தார். ஒரு முழ இடைவெளியில் வண்டி நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அந்த லைட் போனதுக்கப்புறம் எல்லாமே கறுப்பா இருந்துச்சுப்பா. தடுப்பே தெரியல."

அதற்கு நாலு மாதத்துக்கு முன்புதான் அவர் லைசென்ஸைப் புதுப்பித்திருந்தார். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுகளுக்குத்தான் லைசென்ஸ் தருகிறார்கள். 40-ஐத் தாண்டியிருந்தால் படிவம் 1ஏ-வில் மருத்துவர் கையெழுத்தும் வேண்டும். பார்வையைப் பற்றி விண்ணப்பம் கேட்கிற முக்கியமான கேள்வி இது: நல்ல பகல் வெளிச்சத்தில், 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் காரின் நம்பர் பிளேட்டை உங்களால் படிக்க முடிகிறதா? அப்பாவால் இன்றைக்கும் முடியும். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வயதானால் முதலில் கைவிடுவது பகல் வெளிச்சத்தில் எழுத்தைப் படிக்கிற திறமை இல்லை என்பதுதான் பிரச்சினை.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கண்ணின் நடுவில் உள்ள கறுப்புத் துளைக்குப் பாவை என்று பெயர். இருட்டில் அது விரிந்து கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும். வயதாக ஆக அது முன்பு போல விரிவதில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் ஆண்டுக்கு ஆண்டு தடித்து, பழைய காகிதம் மாதிரி மஞ்சளாகிறது. இரண்டும் சேர்ந்தால், 20 வயதுக்காரரின் விழித்திரைக்கு (கண்ணின் பின்சுவரில் ஒளியை உணரும் படலம்) போகும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேருகிறது. பகலில் வெளிச்சம் கொட்டிக் கிடப்பதால் இந்தக் குறை தெரியாது. இரவில், ஈரமான தார்ச்சாலையில், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் குறுக்கே நடக்கும்போதுதான் தெரியும்.

அடுத்தது கூச்சம். சாயங்காலம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே பார்த்து ஓட்டியவர்களுக்கு இது புரியும்: முன் கண்ணாடியில் தூசு இருந்தால், எதிர்வெயிலில் கண்ணாடி முழுக்க வெள்ளையாகி எதிரில் இருப்பது மறைந்துபோகும். வயதான லென்ஸும் அந்தத் தூசு படிந்த கண்ணாடி மாதிரிதான். உள்ளே வரும் ஒளி நேராகப் போகாமல் சிதறி, விழித்திரை மேல் ஒரு வெள்ளைத் திரையை விரிக்கிறது. 65 வயது வாக்கில் இந்தச் சிதறல் இளவயதைப் போல இரண்டு மடங்காகிவிடுகிறது. கண்புரை தொடங்கியிருந்தால் இன்னும் மோசம். கண்புரையின் ஆரம்பக் கட்டத்தில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடுபவர் உண்டு. அதே ஆள் ஒரு ஹெட்லைட்டுக்கு முன்னால் திணறுவார்.

எதிர் வண்டி போய்விட்டாலும் கதை முடிவதில்லை. பலமான வெளிச்சம் பட்டால் விழித்திரையின் நிறமி வெளுத்துவிடும். அது மறுபடி ஊற வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ஒரு பொருள் வேண்டும். வயதானால் அந்த வேலை மெதுவாக நடக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் நகரும். கண் தெளிய மூன்று நொடி ஆனால், 40 மீட்டருக்கு மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அப்பா சொன்ன "கறுப்பா இருந்துச்சு" இதுதான்.

இதில் நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில் சிந்தியா ஆவ்ஸ்லி குழுவினர் கண்புரை இருந்த 277 பேரை நாலு முதல் ஆறு ஆண்டுகள் கவனித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் விபத்து விகிதம், செய்துகொள்ளாதவர்களுடையதில் பாதிதான். "இன்னும் முத்தலை, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிற பெரியவர்கள் நம் வீடுகளில் நிறைய. வண்டி ஓட்டுகிறவர் என்றால் தள்ளிப்போடக் கூடாது. கண் மருத்துவரிடம் "ராத்திரி ஓட்டும்போது எதிர் வெளிச்சம் தாங்கல" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பலகையைப் படித்துக் காட்டினால் மட்டும் அவருக்கு அது தெரியாது.

க்ளாகோமா வேறு விதம். கண்ணின் நரம்பு அரிக்கப்பட்டு, பார்வையின் ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். ஆனால் விடுபட்ட இடத்தை மூளை தானாகவே நிரப்பிவிடுவதால் அந்த ஓட்டை தெரியாது. சென்னையில் நடந்த பெரிய க்ளாகோமா ஆய்வில், நோய் இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்ட நகரவாசிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை அதை அறியாமலே இருந்தார்கள். நாற்பதைத் தாண்டினால் கண் அழுத்தம், கண் நரம்பு இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

கண் நன்றாக இருந்தாலும் கவனம் என்று ஒன்று இருக்கிறது. முன்னால் போகும் மாநகரப் பேருந்து நிற்குமா போகுமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், இடது ஓரத்தில் ஒரு ஸ்கூட்டர் புகுந்து வருவதும் மனசில் பட வேண்டும். இளவயதில் இரண்டும் ஒரே பார்வையில் பதியும். வயதானால், நடுவில் வேலை கூடக் கூட ஓரத்தில் நடப்பது மூளைக்குப் போய்ச் சேராமல் நழுவுகிறது. கண்ணில் பட்டும் "பார்க்கல" என்பது இதனால்தான். திரையின் நடுவில் ஒரு படம், ஓரத்தில் இன்னொன்று, இரண்டையும் ஒரு நொடிக்கும் குறைவாகக் காட்டி இதை அளக்கிறார்கள். இதே முறையில் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்ற முதியவர்களின் தவறால் நேர்ந்த விபத்துகள் அடுத்த 6 ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. வயதான மூளையும் கற்றுக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

வயதானவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் சந்திப்பு. அதிலும் நம் ஊரில் வலது திருப்பம், ஓ.எம்.ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) மாதிரி சாலைகளில் யூ-டர்ன். எதிரே வரும் வண்டி எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் மூளை அதன் வேகத்தைக் கணிக்கிறது. இந்தக் கணிப்பு மந்தமாகும்போது, பெரியவர்கள் வேகத்தை விட்டுவிட்டுத் தூரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கிறார்கள். "தூரத்துலதானே வருது" என்று திருப்புவார்கள். வருவது மோட்டார் சைக்கிள் என்றால் இன்னும் ஆபத்து. சின்ன உருவம் எப்போதும் தொலைவில் இருப்பது போலத் தோன்றும். சிக்னல் உள்ள இடத்தில் மட்டும் வலது திரும்புவது, அல்லது தெரு அமைப்பு இடம் கொடுத்தால் மூன்று இடது திருப்பமாகச் சுற்றி வருவது கையாலாகாத்தனம் இல்லை, நல்ல ஓட்டம்.

கழுத்து திரும்பாததும் பெரிய விஷயம், ஆனால் அதற்குப் பாதி வைத்தியம் கண்ணாடியில் இருக்கிறது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தலையை வலது ஜன்னல் வரை சாய்த்துக்கொண்டு, நம் வண்டியின் பக்கவாட்டு மட்டும் மயிரிழை தெரிகிற அளவுக்கு வலது கண்ணாடியை வெளியே தள்ள வேண்டும். இடது கண்ணாடிக்குத் தலையை வண்டியின் நடுப்பக்கம் சாய்த்து அதையே செய்ய வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால், இத்தனை நாள் மறைந்திருந்த பக்கம் தெரியும். முதல் ரெண்டு நாள் விநோதமாக இருக்கும், பழகிவிடும்.

சர்க்கரை நோய் பாதத்தின் உணர்ச்சியைக் குறைத்திருந்தால், எந்த பெடலில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது மங்கும். தூக்க மாத்திரை, சளிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் மறுநாள் காலை வரை மந்தப்படுத்தும். புதிதாக எதை எழுதிக் கொடுத்தாலும் "வண்டி ஓட்டலாமா டாக்டர்?" என்று கேட்பது அவசியம். இன்னொன்று, அதே மோதலில் இளைஞருக்குக் கன்றிப்போகும் இடத்தில் பெரியவருக்கு விலா எலும்பு உடையும். அதனால் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளின் நடுவில் போக வேண்டும்.

இரவுக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடியை வாங்கிக் கொடுக்காதீர்கள். 2019-ல் பாஸ்டனில் சிமுலேட்டரில் சோதித்தபோது, எதிர் வெளிச்சத்தில் பாதசாரியைக் கண்டுகொள்ள அது உதவவில்லை. ஏற்கெனவே குறைவாகப் போகும் ஒளியை அது இன்னும் குறைக்கிறது. அதற்குப் பதில் வண்டியின் முன் கண்ணாடியை உள்பக்கமாகத் துடையுங்கள். அங்கே படியும் எண்ணெய்ப் பிசுக்கை யாரும் கவனிப்பதில்லை. ஸ்கூட்டர் ஓட்டுகிற பெரியவருக்குக் கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியை மாற்றிக் கொடுங்கள்.

சாவியை ஒளித்து வைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். வண்டி ஓட்டுவதை நிறுத்திய முதியவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று 2016-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அப்பாவுக்கு அந்தக் கார் என்றால் கபாலீசுவரர் கோயில் பிரதோஷம், பெசன்ட் நகரில் பழைய ஆபீஸ் நண்பர்கள், யாரிடமும் கேட்காமல் போய்வருகிற கௌரவம். நான் செய்தது, ஒரு மாதம் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்ததுதான். வாசல் தூணில் இடது பக்கம் புதுக் கீறல் விழுகிறதா, சிக்னல் மாறியதும் பின்னால் ஹார்ன் அடித்த பிறகுதான் நகர்கிறாரா, தெரிந்த தெருவில் தடுமாறுகிறாரா என்று பார்த்தேன். பகலில் ஒரு குறையும் இல்லை. அதனால் பகலைப் பற்றிப் பேசவே இல்லை.

"ராத்திரி மட்டும் ஆக்டிங் டிரைவர் வச்சுக்கலாம்பா. கண்புரை ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "மழை நாள்லயும் வேணாம்" என்று அவராகவே சேர்த்துக்கொண்டார். தை மாதம் வலது கண்ணுக்கும், மாசியில் இடது கண்ணுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டு பிரித்த மறுநாள் சமையலறைச் சுவரைப் பார்த்து, "இது வெள்ளையா? மஞ்சள்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார்.