அது வைட்டமின் மாத்திரை இல்லை

விடிந்தால் திருவனந்தபுரத்தில் விமானம். முந்தின நாள் ராத்திரி எட்டரைக்குக் கடைக்கு வந்து, "மக்களே, துபாய்க்கு மகன்கிட்ட போறேன், 2 மாசத்துக்கு மருந்து எடுத்துக் குடு" என்று ஓர் அம்மா நிற்கிறார். இந்தக் கோடை விடுமுறையில் இப்படிக் கடைசி நேரத்தில் வந்தவர்களில் இவர் நாலாவது ஆள். மார்த்தாண்டம் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், இனியும் எழுதாமல் இருந்தால் சரிப்படாது.

வீட்டில் மிச்சம் இருந்த மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார், பையில் இடம் அடைக்கக் கூடாதாம். பிரஷருக்கு ஒன்று, சுகருக்கு இரண்டு, அதோடு ஒரு கேப்சூல். அது எதுக்கு என்று கேட்டேன். "நரம்புக்கு வைட்டமின்." பழைய சீட்டை வாங்கிப் பார்த்தால் மெத்தில்கோபாலமினும் பிரிகாபலினும் சேர்ந்தது. முதலாவதுதான் வைட்டமின். பிரிகாபலின் அமீரகத்திலும் சவுதியிலும் கட்டுப்பாட்டில் இருக்கிற மருந்து. சுகரால் கால் எரிச்சல் வந்தவர்களுக்கு இங்கே அடிக்கடி எழுதித் தருவது என்பதால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

நான் விஷயத்தைச் சொன்னதும் வந்த பதில்தான் எனக்குத் தாங்கவில்லை: "டாக்டர் எழுதித் தந்த மருந்துதானே, கஞ்சாவா கொண்டு போறேன்?" நாலு பேரும் இதையேதான் சொன்னார்கள். தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். நம் டாக்டரின் சீட்டு நம் நாட்டுச் சட்டத்துக்குத்தான் செல்லும். நீங்கள் இறங்கும் நாட்டில் எது கட்டுப்பாட்டு மருந்து என்பதை அந்த நாடுதான் முடிவு செய்யும், அங்கே சுங்கத்தில் நிற்கிறவருக்கு உங்கள் வயதும் தெரியாது, கால் எரிச்சலும் தெரியாது, அவர் கண்ணுக்கு முன்னால் இருப்பது பெயரில்லாத டப்பாவில் பெயரில்லாத மாத்திரை. சீட்டு வேண்டும், ஆனால் சீட்டு மட்டும் போதாது. பிரிகாபலின் மட்டுமில்லை, மூட்டுவலிக்கு பாராசிட்டமாலோடு சேர்ந்து வரும் டிராமடால், கோடீன் கலந்த இருமல் சிரப், தூக்கத்துக்குப் போடும் அல்பிரசோலம், இவை எல்லாவற்றுக்கும் அமீரகத்துக்குப் போகிறவர் அந்நாட்டு அரசின் இணையதளத்தில் கிளம்புவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூர் சுற்றுலா போகிறவர்களும் இதேபோல் அங்கத்திய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பயந்துபோய் நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடவும் கூடாது, அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம்.

இதோடு இன்னொன்று. மகனுக்குக் குருமா பிடிக்கும் என்று கசகசா கட்டிக் கொண்டு போகாதீர்கள். அபினிச் செடியின் விதை அது, அமீரகத்திலும் சவுதியிலும் தடை. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் சேர்ந்திருந்தாலும் அதே கதைதான்.

மாத்திரையை அட்டையோடு கொண்டு போங்கள். சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் மருந்தின் மூலப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள், நம் ஊர்க் கம்பெனிப் பெயர் வெளிநாட்டு மருந்துக்கடையில் பல நேரம் செல்லுபடியாகாது. எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டு, பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தால் அந்த ராத்திரி என்ன செய்வீர்கள்? இன்சுலினைப் பெட்டியில் போடவே கூடாது, சரக்குப் பகுதியின் குளிரில் உறைந்துவிடலாம், ஒரு தடவை உறைந்தது உருகின பிறகு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யும் என்று நம்ப முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

அந்த அம்மாவின் டாக்டரை ராத்திரி 9 மணிக்கு மேல் ஃபோனில் பிடித்து, அவர் வேறு மருந்து சொல்லி, புதுச் சீட்டு எழுதி, பேரன் பைக்கில் போய் வாங்கி வருவதற்குள் பத்தரை ஆகிவிட்டது. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எல்லா டாக்டரும் அந்த நேரத்துக்கு ஃபோன் எடுப்பார்களா? டிக்கெட் போட்ட அன்றைக்கே வீட்டில் இருக்கிற அட்டைகளை ஒரு பையில் வாரிப் போட்டு, நீங்கள் வழக்கமாக மருந்து வாங்கும் கடைக்கு எடுத்துப் போங்கள். பார்த்துச் சொல்ல 10 நிமிஷம் போதும், காசு ஒன்றும் வேண்டாம்.